செடித் தொட்டியில் வெள்ளைப்புள்ளி: மருந்தை ஊற்றுவதற்கு முன்னால்

கேள்வியின் சுருக்கம் இது. சென்னையில் ஒரு மூன்றடி மீன் தொட்டி, உள்ளே நீர்ச்செடிகளும் வளர்ப்பது, அமைத்து எட்டு மாதம் ஆகிறது. அடியில் ஆக்டிவ் சாயில், அதாவது செடிகளுக்கான சத்து மண். ரோட்டாலா, கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா, ஜாவா மாஸ் எல்லாம் நன்றாகப் பிடித்து வளர்ந்திருக்கின்றன. செடிகளுக்காகச் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு ஓடுகிறது. நியான் டெட்ரா இருபது, கோரிடோராஸ் ஆறு, செர்ரி இறால் ஏராளம். டிசம்பர் முதல் வாரத்தில் பத்து கப்பி வாங்கி நேராகத் தொட்டியில் விட்டிருக்கிறார். நான்காம் நாள் கப்பிகளின் வாலில் வெள்ளைப் புள்ளிகள். இப்போது டெட்ராக்களிலும் வந்துவிட்டது, இரண்டு செத்தும் போயின. கடையில் நீல மருந்தும் டெட்ராசைக்ளின் கேப்சூலும் கொடுத்து, ஹீட்டரை ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். "ஊற்றினால் செடியும் இறாலும் பிழைக்குமா?" என்று கேட்கிறார்.

இன்று ஊற்ற வேண்டாம். செடித் தொட்டியில் நோய் வந்தால் மீனை வெளியே எடுத்து வைத்தியம் பார்ப்பதுதான் சரி. தொட்டிக்குள் மருந்து போடுவது கடைசி வழி. ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன், இது நோய்தானா, தண்ணீரின் கோளாறா என்பதை அரை மணி நேரத்தில் முடிவு செய்ய வேண்டும்.

நோய் ஒன்றிரண்டு மீனில் தொடங்கி நாளுக்கு நாள் கூடும். தண்ணீர் கெட்டால் எல்லா மீனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திணறும். செடித் தொட்டியில் அந்தத் திணறல் எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். விடியற்காலையில், விளக்கு எரிவதற்கு முன்பு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் குறைவு. இரவில் செடிகளும் சுவாசிப்பதால் ஆக்சிஜனை அவையும் எடுத்துக்கொள்கின்றன. மாலையில், கார்பன் டை ஆக்சைடு ஓடி முடிகிற நேரத்தில் திணறினால் அந்த வாயு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அந்த வாயுவின் அளவை நிறத்தில் காட்டும் டிராப் செக்கர் வைத்திருந்தால் பச்சை தாண்டி மஞ்சளுக்குப் போயிருக்கும். இந்த இரண்டுக்கும் எந்த மருந்தும் தேவையில்லை. ஏர் பம்பை ஓட விட்டு வாயுவைக் குறைத்தால் ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

அப்புறம் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். செத்த மீனை எடுத்துப் போடாமல் விட்டிருந்தாலோ, ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவியிருந்தாலோ, சாயிலைக் கிளறிச் செடி பிடுங்கி நட்டிருந்தாலோ அம்மோனியா ஏறும். அதே அளவு அம்மோனியா, பி.ஹெச். (அமில, காரத் தன்மையின் அளவு) 7 உள்ள தண்ணீரில் பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியமாக இருக்கும். 25 டிகிரியில் அதில் ஏறத்தாழ 0.6 சதவீதம்தான் விஷ வடிவம். பி.ஹெச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். நம் ஊர் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, பி.ஹெச். கூடியது. ஆக்டிவ் சாயில் உள்ள தொட்டியோ 6.5 பக்கம் நிற்கும். அவசரத்தில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் போர் தண்ணீரைக் கொட்டினால், அதுவரை சும்மா இருந்த அம்மோனியம் விஷமாகிவிடும். மாற்ற வேண்டும் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை மாற்றுங்கள். நைட்ரைட் ஏறியிருந்தால் செத்த மீனின் செவுளைத் திறந்து பார்த்தாலே குறிப்புக் கிடைக்கும்: ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பேறி இருக்கும். நைட்ரைட்டுக்கு உப்பு நல்ல முதலுதவி. உப்பில் இருக்கிற குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உடம்புக்குள் ஏறுவதைத் தடுக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே போதும்.

உங்கள் விஷயத்தில் புது மீன் வந்த நான்காம் நாள் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பரவியிருக்கிறது. இது தொற்றுதான். அடுத்து, எந்தத் தொற்று என்று பார்க்க வேண்டும்.

அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை மீனின் பக்கவாட்டில் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் நியானின் நீலக் கோடே கண்ணைக் கூசும், ஒன்றும் தெரியாது. உப்புக் கல்லைத் தூவினதுபோல் தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே அளவில், பெரியது ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும் புள்ளிகள் என்றால் அது வெள்ளைப்புள்ளி நோய், இக். வாலிலும் துடுப்பிலும்தான் முதலில் கண்ணில் படும். அதைவிட மிகப் பொடியாக, மஞ்சளும் பொன்னும் கலந்த தூசு படிந்த மாதிரி மினுக்கினால் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். வாயைச் சுற்றியோ முதுகுத் துடுப்பின் அடியில் சேணம் போட்ட இடத்திலோ சாம்பல் வெண்மையாகப் பஞ்சு ஒட்டின மாதிரி திட்டு இருந்தால் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். புண்ணின் மேல் நீள நீளமாக நூல் முளைத்திருந்தால் பூஞ்சை. புள்ளிகள் ஆளுக்கொரு அளவில், காலிஃபிளவர் மாதிரி கட்டியாக இருந்தால் லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய். அதற்கு மருந்து கிடையாது, நல்ல தண்ணீரில் பெரும்பாலும் தானே அடங்கும். ஆண் கோல்டு ஃபிஷ்ஷின் செவுள் மூடியில் இனப்பெருக்கக் காலத்தில் வெள்ளைப் பரு வருவதைப் பார்த்து வெள்ளைப்புள்ளி என்று மருந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அது ஆரோக்கியத்தின் அடையாளம், ஒன்றும் செய்யாதீர்கள்.

இந்த அடையாளம் காணுதலில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஹீட்டர் நல்ல உதாரணம். இக் என்றால் வெப்பத்தை ஏற்றுவது உதவும். காலம்னாரிஸ் என்றால் அதே வெப்பம் நோயை வேகப்படுத்தும்; தீவிரமான வகை ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். பஞ்சுத் திட்டு ஒரு மீனிலாவது தெரிந்தால் ஹீட்டரைத் தொடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது இக்தான் என்று நம்புகிறேன். காலமும் பொருந்துகிறது. மே மாதத்தில் சென்னைத் தொட்டிகளின் தண்ணீர் தானாகவே 30 டிகிரியைத் தொடும், அப்போது இக் அதிகம் தலைகாட்டாது. வடகிழக்குப் பருவமழை இறங்கி, இரவில் தண்ணீர் நாலைந்து டிகிரி குறையும்போதுதான் இது கிளம்பும். அந்த நேரத்தில் பையில் கட்டி வந்த, களைத்துப்போன மீன்கள் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இக்கின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் வைத்தியம் தானாகப் புரியும். இது ஓர் ஒற்றைச் செல் உயிரி, பெயர் இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலீஸ். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புள்ளி மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் பருவம். தோல் மூடியிருப்பதால் தண்ணீரில் கலக்கும் மருந்து அதை எட்டாது. நன்றாகக் கொழுத்ததும் அது மீனைவிட்டு விழுந்து, மணலிலோ செடி இலையிலோ ஒட்டி, மேலே ஒரு உறை போட்டுக்கொண்டு உள்ளே இரண்டு, நாலு, எட்டு என்று பிரியும். ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கில், ஆயிரம் வரை குஞ்சுகள் வெளியே வந்து நீந்தும். அவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையேல் சாகும். மருந்துக்குச் சிக்குவது இந்த நீந்தும் பருவம் மட்டுமே. 25 டிகிரி பக்கம் இந்தச் சுற்று முழுவதும் நாலைந்து நாளில் முடியும். குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் இழுக்கும். "ஊற்றின மறுநாளே புள்ளி போய்விட்டது, குணமாகிவிட்டது" என்று பலர் நிறுத்திவிடுவது இதனால்தான். புள்ளி போனது மருந்தால் அல்ல, அது கொழுத்து விழுந்திருக்கிறது. அடுத்த அலை மூன்று நாளில் பத்து மடங்காக வரும்.

இதிலேயே நமக்குச் சாதகமான விஷயமும் இருக்கிறது. மீன் இல்லாத தொட்டியில் இக் வாழ முடியாது. இறாலிலும் நத்தையிலும் அது தொற்றாது. செடித் தொட்டியிலிருந்து மீன்களை எல்லாம், புள்ளி இல்லாததையும் சேர்த்து, வெளியே எடுத்துவிட்டால் தொட்டி ஒரு துளி மருந்தும் இல்லாமல் தானே சுத்தமாகும். தண்ணீர் 26 முதல் 28 டிகிரி வரை இருந்தால் ஒரு வாரத்திலேயே போதும், ஆனால் இரண்டு வாரம் விடுங்கள். செடியும் இறாலும் அப்படியே இருக்கட்டும். ஃபில்டர் ஓடட்டும், இறாலுக்குப் போடும் சிறிது தீவனமே அதிலுள்ள நல்ல பாக்டீரியாவை உயிரோடு வைத்திருக்கும்.

செடிக் காட்டுக்குள் டெட்ராவைப் பிடிப்பது எப்படி என்பதுதான் எல்லோரும் மலைக்கும் இடம். பகலில் முயலாதீர்கள். விளக்கு அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, தண்ணீரை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு, மங்கலான வெளிச்சத்தில் இரண்டு வலையோடு போங்கள். ஒரு வலை அசையாமல் நிற்கட்டும், இன்னொன்றால் மெதுவாக அதன் பக்கம் தள்ளுங்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் டெட்ராக்கள் கூட்டமாகவே வந்துவிடும். கோரிடோராஸை மட்டும் வலையில் அள்ளாதீர்கள். துடுப்பு முள் வலையில் மாட்டிக்கொண்டு பிய்யும், உங்கள் விரலிலும் குத்தும். ஒரு பிளாஸ்டிக் டம்ளரைப் படுக்க வைத்து அதற்குள் ஓட்டிவிடுங்கள்.

வெளியே இரண்டு செட் பிளாஸ்டிக் டப் வேண்டும், ஒவ்வொன்றும் 40, 50 லிட்டர் கொள்வதாக. கப்பிக்கு ஒன்று, டெட்ராவுக்கும் கோரிடோராஸுக்கும் ஒன்று. மணலும் செடியும் வேண்டாம், ஏர் ஸ்டோன் போதும், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பி.வி.சி. குழாய் போடலாம். தண்ணீர் குளோரின் நீக்கியதாக, தொட்டியின் வெப்பத்தோடு ஒத்ததாக இருக்கட்டும். தொட்டித் தண்ணீரையே எடுத்து ஊற்றாதீர்கள், அதில்தான் நீந்தும் குஞ்சுகள் இருக்கின்றன. உங்கள் தொட்டி அமிலப் பக்கம் இருப்பதால் போர் தண்ணீரில் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்து, மீன்களை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்கி விடுங்கள்.

வைத்தியம் இரண்டு விதமாகச் செய்யலாம். எனக்குப் பிடித்தது டப் மாற்றுவது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீன்களை எடுத்து, காய்ந்து சுத்தமாக இருக்கும் இன்னொரு டப்பில் புதுத் தண்ணீரில் விடுங்கள். பழைய டப்பைக் கொட்டிக் கழுவி, துடைத்து, மாடியில் நன்றாகக் காய வையுங்கள். மீனிலிருந்து விழுந்த இக் பிரிந்து முடிப்பதற்கு முன்பே வெளியே போய்விடுகிறது. ஒரு வாரம் இப்படிச் செய்தால் மீனில் மிச்சம் இருக்காது. வேலை அதிகம்தான், ஆனால் நியான் போன்ற மென்மையான மீனுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியாது. கூடவே கல்லுப்பு போடுங்கள்: டெட்ரா, கோரிடோராஸ் டப்பில் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம், கப்பி டப்பில் 3 கிராம். முதல் நாள் மொத்தமாகக் கொட்டாமல் மூன்று தவணையாகக் கரைத்து ஊற்றுங்கள். டப்பைப் புதிதாக நிரப்பும் ஒவ்வொரு முறையும் அதே அளவு உப்பு புதுத் தண்ணீரிலும் இருக்க வேண்டும். ஸ்பூன் கணக்கு வேண்டாம், கல்லுப்பு ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒவ்வொரு எடை வரும். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

நாளுக்கு இரண்டு தடவை மாற்ற முடியாது என்றால் மாலகைட் க்ரீன், ஃபார்மலின் கலந்த மருந்தை டப்பில் பயன்படுத்தலாம். டெட்ராவும் செதில் இல்லாத மீன்களும் மாலகைட் க்ரீனைத் தாங்காது, எழுதியிருக்கும் அளவில் பாதி போடுங்கள். ஃபார்மலின் ஆக்சிஜனைக் குறைக்கும், ஏர் ஸ்டோன் நிற்கக் கூடாது. மருந்துக்கு முன் தண்ணீரில் பாதியை மாற்றுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று தவணை தொடருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மாலகைட் க்ரீன் உணவு மீன்களில் தடை செய்யப்பட்ட பொருள், தோலில் பட வேண்டியதில்லை.

மீனைப் பிடிக்கவே முடியாத பெரிய தொட்டி என்றால் உள்ளேயே வெப்பத்தை ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம் 30 வரை ஏற்றி, பத்து நாள் வைக்கலாம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 7.5தான். அதனால் கார்பன் டை ஆக்சைடை நிறுத்தி, இரவும் பகலும் காற்று ஓட விடுங்கள். நியானுக்கும் கோரிடோராஸுக்கும் அந்த வெப்பம் கஷ்டம். வெப்பத்தைத் தாங்கும் இக் வகைகளும் உண்டு, மாஸும் வாடும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

இனி கடையில் கொடுத்த இரண்டு பொருட்கள். நீல மருந்து மெத்திலீன் ப்ளூவாக இருந்தால் அது கண்ணாடியை ஒட்டும் சிலிக்கோன் பசையையும் அலங்காரக் கட்டையையும் நீலமாக்கும், ஃபில்டர் பாக்டீரியாவைக் கெடுக்கும், செடிகளுக்கும் ஆகாது. முட்டைகளைப் பூஞ்சையிலிருந்து காப்பாற்றத் தனி டப்பில் அது அருமையான மருந்து. செடித் தொட்டியில் அதற்கு இடமில்லை. டெட்ராசைக்ளின் பாக்டீரியாவுக்கான மருந்து, இக்கின் மேல் அதற்கு எந்த வேலையும் இல்லை. காலம்னாரிஸ் வந்திருந்தாலும் நம் கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அதைப் பிடித்துக்கொள்ளும், மீனுக்குப் போய்ச் சேருவது குறைவு. டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக்கைத் தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் விடுவது எல்லோருக்கும் கெடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலம்னாரிஸ் என்று உறுதியானால் நோயுற்றதை உடனே பிரித்து, தண்ணீரை 24 டிகிரிக்குக் குறைத்து, லிட்டருக்கு 2 கிராம் உப்பில் வைத்து, அன்றே கால்நடை மருத்துவரையோ மீன்வளக் கல்லூரியையோ கேளுங்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன.

செம்பு கலந்த மருந்து எதுவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். வெல்வெட்டுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் இறால், நத்தை இரண்டுக்கும் எமன். சாயில் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னால் மெதுவாகக் கக்கும், மாதங்கள் கழித்து விட்ட இறாலும் சாகலாம். வெல்வெட் வந்தாலும் டப்பிலேயே பாருங்கள், டப்பைத் துணி போட்டு மூடி இருட்டாக வையுங்கள். அந்த உயிரிக்குப் பச்சையம் உண்டு, ஒளி இல்லாவிட்டால் பலம் குறையும்.

எந்த மருந்து என்றாலும் தண்ணீரின் உண்மையான அளவு தெரிய வேண்டும். ஒரு கன அடி 28.3 லிட்டர். உங்கள் 3 அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடித் தொட்டி கணக்குப்படி 191 லிட்டர். சாயில், கல், கட்டை, மேலே விட்ட இடைவெளி எல்லாம் போனால் 150தான் இருக்கும். 191க்கு மருந்து போட்டால் கால் பங்குக்கு மேல் கூடிவிடும்.

நியானில் நிறம் மங்கி, உடம்புக்குள் தசையே வெளிறித் தெரிந்து, கூட்டத்தைவிட்டுத் தனியே நின்றால் அது நியான் டெட்ரா நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. செத்ததை மற்றவை கடிப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பரவுவதே அப்படித்தான். கப்பியின் ஆசனவாயில் சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் கமலானஸ் என்ற உருளைப் புழு. லெவமிசோல் அதற்குச் சரியான மருந்து. பிராசிகுவான்டெல் என்ற இன்னொரு புழு மருந்து உருளைப் புழுவைத் தொடாது. மீன் நாள்கணக்கில் மெலிந்து முதுகு வளைந்தால் மீன் காசநோய் என்று சந்தேகியுங்கள். அந்த பாக்டீரியா மனிதர் கைக் காயத்திலும் தொற்றி ஆறாத புண்ணாக நிற்கும். கையில் வெட்டு இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள், குழாயை வாயால் உறிஞ்சவும் வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து மீன்களைத் திருப்பி விடும்போது டப் தண்ணீரை ஊற்றாமல் மீனை மட்டும் விடுங்கள். அதற்கு முந்தின இரண்டு நாள் உப்பைப் படிப்படியாகக் குறைத்திருக்க வேண்டும். உப்பு ஆவியாகாது, தண்ணீர் மாற்றினால்தான் குறையும். இனி வாங்கும் மீன்களை நாலு வாரம் இந்த டப்பிலேயே வைத்துப் பாருங்கள். செடி வாங்கினாலும், மீன் இருந்த தொட்டியிலிருந்து வந்ததென்றால், இலையில் இக் ஒட்டியிருக்கலாம். மீன் இல்லாத வாளியில் ஒரு வாரம் வெளிச்சத்தில் வைத்துவிட்டு நடுங்கள். வலையும் சைஃபன் குழாயும் டப்புக்குத் தனி, தொட்டிக்குத் தனி.